கடைசி இரண்டு பர்லாங்கு

பம்பாயிலிருந்து புறப்பட்ட பத்தாம் நாள் காலை, செல்லசாமி களியக்காவிளை செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினான். பழைய புல்லட் மோட்டார் சைக்கிள். அதன் இடது பக்கம், ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு சைடுகார். சைடுகாருக்குள் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பழைய டயர், புதிதாக உறை போட்ட ஒரு பஞ்சுத் தலையணை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். நம்பர் பலகையைப் படித்தார். புழுதி அப்பிக் கிடந்த அவன் முகத்தைப் பார்த்து, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தாயா என்று கேட்டார். இல்லை, ஓட்டிக்கொண்டு வந்தேன் என்றான். அவர் நம்பவில்லை. உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, அவரிடமும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு இருவருமாக அவனை பெஞ்சில் உட்கார வைத்து ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார்கள்.

அது எழுபத்தாறாம் வருடம், ஜனவரி மாதம். துபாயில் ஏழு வருடம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு, கப்பலில் பம்பாய் வந்து இறங்கியவன் அவன். கூட இறங்கியவர்கள் எல்லாம் ரயிலுக்குச் சீட்டு எடுக்க ஓடினார்கள். இவன் மட்டும் நான்கு நாள் பம்பாயில் தங்கி, பழைய வண்டிகள் விற்கிற இடமெல்லாம் அலைந்து இந்த வண்டியைக் கண்டுபிடித்தான். பூனா மலையேற்றத்தில் அது இரண்டு தடவை சூடேறி நின்றது. ஹூப்ளிக்குப் பக்கத்தில் சைடுகாரைப் பிடித்திருந்த இரும்புக் கை முறிந்து, சைடுகார்ப் பெட்டி தனியே வயலுக்குள் போனது. அங்கிருந்த வெல்டர் ஒருவன், இனி இதைப் பிரிக்கவே முடியாது, அப்படி ஒட்டித் தருகிறேன் என்று ஒட்டித் தந்தான். அது செல்லசாமிக்குப் பிடித்திருந்தது. பெங்களூர், சேலம், மதுரை, ஆரல்வாய்மொழிக் காற்று எல்லாம் தாண்டியும் அந்த ஒட்டு அசையவில்லை.

இத்தனை பாடும் சுகிர்தபாய்க்காக. அவன் மனைவி. இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் வழுக்கி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. அவள் எழுதிய கடிதத்தில், சிறிய விழுச்சை, கர்த்தர் கிருபையால் சுகம் என்று மட்டும் இருந்தது. அவள் தம்பி ராஜதாஸ்தான் உண்மையை எழுதினான். முறிவு சேர்ந்தது, ஆனால் கோணலாய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு கம்பு ஊன்றி முற்றத்துக்குள் நடக்கிறாள். முற்றத்தைத் தாண்டினால் கால் மடங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும், சவத்தைத் தூக்குவதுபோல் இனி என்னை யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அன்றுமுதல் சபைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது வாசலில் உட்கார்ந்து அவளே பாட்டுப் பாடுகிறாள். இதைப் படித்த நாளிலிருந்து செல்லசாமிக்கு ஒரே நினைப்புதான். வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்த வேண்டும். அவள் இரண்டு எட்டு வைத்து, யாரும் தூக்காமல், தானே ஏறி உட்கார வேண்டும்.

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற ரோட்டில் இரண்டாவது முக்கில் இறங்கி, உள்ளே இரண்டு பர்லாங்கு போனால் கொல்லமாவிளை. அவன் பிறந்த இடம். அவன் ஊரை விடும்போது அந்தத் தோட்ட விளை முழுவதும் நிலவுடைமைக்காரரான ஒரே ஜன்மிக்குச் சொந்தம். அவருடைய மரச்சீனிக் கிழங்கையும் வாழையையும் பார்த்துக்கொள்ள ஏழு குடிசைகள். குடிசை நிற்கும் மண்ணும் அவருடையதுதான். அவர் இந்த மூலை என்றால் இந்த மூலை, அந்த மூலை என்றால் பிடுங்கிக்கொண்டு அந்த மூலை. செல்லசாமியின் அப்பன் மூன்று முறை குடிசை மாற்றிக் கட்டியவர். செல்லசாமிக்கு விளை வேலையில் மனம் ஒட்டவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்து, கை கறுத்து, எஞ்சின் இறக்கி ஏற்றப் படித்தான். அங்கிருந்து துபாய். அவன் கப்பலேறிய மறுவருடம்தான் சட்டம் வந்தது. குடிசை போட்டு இருப்பவர்களுக்குப் பத்து சென்ட் மண் சொந்தம் என்றார்கள்.

முக்கில் ரெத்தினதாசின் சாயாக்கடை முன்னால் வண்டி வந்து நின்றபோது, கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். ரெத்தினதாஸ் கையில் வடிகட்டியோடு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"எலே, செல்லசாமியா? ஏழு வருசம் கழிஞ்சு வாறவன் பெட்டியும் பாயும் கொண்டு வருவான்னு பாத்தா, பெட்டிக்குச் சக்கரம் வச்சுக் கொண்டு வந்திருக்கியா?"

செல்லசாமி சிரித்தான். வண்டியை உள்ளே திருப்பப் போனான்.

"எங்க போற?"

"வீட்டுக்கு."

"எந்த வழியா?" என்று கேட்டான் ரெத்தினதாஸ்.

அப்போதுதான் செல்லசாமி சரியாகப் பார்த்தான். ஜன்மியின் மாட்டுவண்டி போய் வந்த தடம் அங்கே இல்லை. இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் கையாலை, மண்ணால் எழுப்பிய எல்லைச் சுவர். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. அது வளைந்து வளைந்து உள்ளே போனது.

நடந்தது இதுதான். பட்டயம் கையில் வந்த மாதமே ஆளாளுக்குக் கையாலை வைக்கத் தொடங்கிவிட்டார்கள். வழிக்கு எவ்வளவு விடுவது என்று பேச்சு வந்தது. யாருக்கும் அடிக்கணக்கு தெரியாது, அதற்குத் தேவையும் இருந்ததில்லை. அந்த வழியில் போவதெல்லாம் தலைச்சுமைதான். அதனால் ஒருத்தி தலையில் பெரிய புல்லுக்கட்டை வைத்து நடக்கவிட்டார்கள். கட்டு தட்டாமல் போகிற அளவுக்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டார்கள். நியாயமான அளவுதான். ஆனால் புல்லுக்கட்டு இருப்பது தலைக்கு மேலே. கையாலை நிற்பது இடுப்புக்குக் கீழே. மேலே தட்டாதவரைக்கும் கீழே கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன என்று முதலில் ஒருவருக்குத் தோன்றியது. பிறகு எல்லாருக்கும் தோன்றியது. இவன் ஒரு சாண் தள்ள, எதிரில் இருப்பவன் ஒரு சாண் தள்ள, ஐந்து வருடத்தில் வழி மேலே அகலமாகவும் கீழே கால்வாய் மாதிரியும் ஆகிவிட்டது. புல்லுக்கட்டு இன்றைக்கும் தட்டாமல்தான் போகிறது.

வண்டியை ரெத்தினதாசின் கடையோரம் நிறுத்தி, மேலே சாக்கு போட்டு மூடிவிட்டு, செல்லசாமி நடந்தான். இரண்டு கையையும் விரிக்க முடியவில்லை. முழங்கையை மடக்கினாலே இரண்டு பக்கமும் மண் தொட்டது. பம்பாயிலிருந்து இங்கே வரைக்கும் எந்தப் பாலத்திலும் எந்தச் சந்தையிலும் வழி கிடைக்காமல் போனதில்லை. வீட்டுக்கு முன்னால் உள்ள கடைசி வளைவில்தான் வழி எல்லா இடத்தையும்விட ஒடுக்கமாக இருந்தது. இடது பக்கம் எதிர்வீட்டுக் கார்த்தியாயினி அக்காவின் கையாலை. வலது பக்கம் இருப்பது யாருடையது என்று ஒரு கணம் நின்று யோசித்தான். பிறகு புரிந்தது. அது அவனுடையது.

சுகிர்தபாய் வாசலில் கம்பு ஊன்றி நின்றிருந்தாள். சேதி அவனுக்கு முன்னே வந்து சேர்ந்திருந்தது. மெலிந்திருந்தாள். முன்தலையில் நரை. அழுவாள் என்று நினைத்துத் தயாராக வந்திருந்தான். அவள் அழவில்லை. வந்தாச்சா, கை கால் கழுவுங்க என்றாள். அவன் கழுவிவிட்டு வருவதற்குள் உள்ளே போய், மேலே மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு காகிதத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். பட்டயம். அவன் படித்து முடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு கம்பால் கையாலையைச் சுட்டிக் காட்டினாள்.

"இது நான் வச்சதாக்கும். ஒரு உருண்டை மண்ணு வேற ஆளு வச்சதில்ல. கடைசி ரெண்டு முழம் மட்டும் ராஜதாஸ் வச்சான், நான் விழுந்து கெடந்ததுனால."

அதிலிருந்துதான் விழுந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மழையில் நனைந்த மண்ணைச் சுமந்து வந்தவள், பாதி எழும்பிய கையாலையில் கால் வைத்தபோது வழுக்கியது.

செல்லசாமி கையாலையைத் தடவிப் பார்த்தான். உண்மையிலேயே நல்ல வேலை. அடியில் கல், மேலே மிதித்துப் பிசைந்த செம்மண். சாய்வு ஒரே சீர். உச்சியில் வரிசையாய் அன்னாசி. விளையில் இருந்த ஆறு கையாலையிலும் இதுதான் நேர். கொள்ளாம், நல்ல வேலை என்றான், மனதாரச் சொன்னான். அவள் முகம் மலர்ந்தது. வண்டி முக்கில் நிற்கிறது என்று மட்டும் சொன்னான். என்ன வண்டி, எதற்கு என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு முக்குக்குப் போய் வண்டியின் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டான். அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறினான். மண் கேட்டுப் போகிறோம், அதுவும் வாழ்க்கையில் முதன்முதலாக மண் கிடைத்தவர்களிடம் போகிறோம் என்ற தயக்கம் இருந்தது. ஆனால் காரியம் அவன் நினைத்ததுபோல் இல்லை. ராஜதாஸ், அத்தான் சொன்னால் போதும் என்று அப்போதே மண்வெட்டி எடுத்தான். ஒரு வீட்டில் மகளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வண்டி முற்றம்வரை வந்தால் மரியாதை என்றார்கள். இன்னொரு வீட்டுக்காரருக்கு ஓடு போட ஆசை. ஓட்டைத் தலையில் சுமந்தால் பாதி உடைந்துவிடும். எல்லாருக்கும் வழி தேவைப்பட்டிருக்கிறது. யார் முதலில் கேட்பது என்றுதான் காத்திருந்தார்கள்.

கார்த்தியாயினி அக்கா மட்டும் நிபந்தனை வைத்தாள். இந்த ஐந்து வருடத்தில் அவளும் சுகிர்தபாயும் அந்த வளைவில் பேசாத பேச்சில்லை. ஒரே நாளில் சண்டை போட்டுவிட்டு ஒரே பானையில் மரச்சீனி அவிப்பார்கள், அது வேறு.

"எலே, நான் வெட்டுதேன். அவ எத்தனை விரல் வெட்டுதாளோ, அத்தனை விரல். ஒரு விரல் கூடாது, கொறையாது. நீ அந்தக் கயறோட வந்து நிக்கணும்."

அன்று மாலை விளக்கு வைக்கும் முன் செல்லசாமி எல்லாவற்றையும் சுகிர்தபாயிடம் சொன்னான். வண்டி, பெட்டி, தலையணை, சபை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையணை என்றதும் ஒரு சிரிப்பு வந்துபோனது. கையாலை என்றதும் அது நின்றுவிட்டது.

"அது நடக்காது."

"எல்லாரும் வெட்டுதாங்க, சுகிர்தம்."

"வெட்டட்டு. அவங்க அன்னு ஒண்ணும் காணல்லியா?"

அவன் இல்லாத வருடத்தின் கதையை அப்போதுதான் முழுதாகச் சொன்னாள். பட்டய விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் முன்பு, பட்டப்பகலில், ஜன்மியின் ஆட்கள் மேற்கு மூலையில் இருந்த குடிசையைப் பிரித்தார்கள். வேலியைப் பிடுங்கி, அடுப்புக்கல்லை ஓடையில் எறிந்து, தரையைக் கொத்தி மரச்சீனிக் கம்பு நட்டார்கள். அதிகாரி வந்து பார்த்தபோது அங்கே கம்பு துளிர்த்திருந்தது. யாரும் குடியிருந்த அடையாளம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்தக் குடும்பம் இப்போது ஆரியங்கோட்டில் யாருடைய ரப்பர்த் தோட்டத்துக்குள்ளோ இருக்கிறது. அந்த ஒரு வாரமும் சுகிர்தபாய் தன் குடிசை வாசலை விட்டு அசையவில்லை. ஆறு குடிசைதான் மிஞ்சின.

"எல்கையில நிக்கதத் தட்டினா மண்ணு போவும். நான் கண்ணால கண்டது. பட்டயம் காயிதமாக்கும். இதுதான் மண்ணு."

செல்லசாமிக்குப் பதில் இருந்தது. அளந்து எழுதிய மண் கையாலை போனாலும் போகாது, ஊரில் அத்தனை பேரும் சாட்சி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. தான் தண்ணீர் லாரியில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை அவள் அவனுக்கும் சேர்த்துச் செய்திருக்கிறாள். சரி என்றான்.

மூன்று நாளில் வழி திறந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி உறுமிக்கொண்டு, மண்ணைச் சிதறடித்து, கடைசி வளைவுவரை வந்தது. அங்கே நின்றது. முன்சக்கரத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் இடையில் நாற்பது அடி. அதற்கு இடையில் நேர்த்தியான கையாலை. வாசலில் இருந்து பார்த்தால் அன்னாசி இலைகளுக்கு மேலே ஹேண்டில்பாரும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. சுகிர்தபாய் அந்தப் பக்கம் திரும்பாமல் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்துப் புடைத்துப் பயறு தீர்ந்த பிறகும் முறம் ஆடிக்கொண்டிருந்தது.

வழி எப்போது முழுதாகும் என்று செல்லசாமி கேட்கவில்லை. காலையில் போய் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டான், துடைத்தான், திரும்பி வந்தான். ஊருக்கு வந்துவிட்ட நிம்மதி உடம்பில் இறங்கியிருந்தது. ஆனால் பயணம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. நாற்பது அடி மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை காலை கார்த்தியாயினி அக்கா முண்டு மாற்றி, தலை சீவி, வண்டிப் பக்கம் வந்து நின்றாள். பாறசாலையில் ஒரு மருந்து வாங்க வேண்டும், நடக்க முடியவில்லை, அங்கேவரைக்கும் கொண்டுவிடுவாயா என்று கேட்டாள். நிபந்தனையோடானாலும் வழிக்குச் சம்மதம் சொன்னவள். முடியாது என்று எப்படிச் சொல்வது? பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனான். முக்கிலிருந்து பாறசாலைவரை ஆட்கள் நின்று பார்த்தார்கள். அக்கா ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டாள். மருந்துக்கடையில் ஒரு தைலக்குப்பி வாங்கினாள். மற்றபடி அவளுக்கு ஒரு நோயும் இருந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் நேராகத் தன் கையாலைக்குப் போய், அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கூப்பிட்டாள்.

"எட்டி சுகிர்தம், நான் உனக்க பெட்டியில பாறசாலை போயிட்டு வந்தாச்சு கேட்டியா."

சுகிர்தபாயின் கையில் முறம் நின்றது. "போனா என்ன? அது ரோட்டுல ஓடுத வண்டிதானே."

"பஞ்சு மாதிரி இருக்குட்டி. குலுங்கல்ல. காலு நீட்டதுக்கு ஒரு பலகை வச்சிருக்கான். ஒரு தலையணை வேற. அது எதுக்குன்னு கேட்டேன். இடுப்புக்கு அணை குடுக்கதுக்குன்னான்."

சுகிர்தபாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

கார்த்தியாயினி அக்காவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "உன்னை எரிச்சல் பிடிப்பிக்கத்தான் போனேன். போற வழிக்குச் சுகமா இருந்துது. திரும்பி வரும்போ கொள்ளல்ல. அந்தத் தலையணை நமக்குள்ளது இல்லேன்னு தோணிச்சு. அவன் ஒரு குழி வரும்போ எல்லாம் பைய போறான்டீ, எனக்கு என்ன இடுப்பு வலியா? உனக்குன்னு நெனச்சுத்தான் ஓட்டுதான்."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. தைலக்குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செல்லசாமி கிணற்றடியில் நின்று இதையெல்லாம் கேட்டான். பக்கத்தில் வரத் துணிவு வரவில்லை. சுகிர்தபாய் நெடுநேரம் கையாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டு, சர்வேக்காரர் நட்ட எல்லைக்கல் எங்கே என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றான். கம்பால் காட்டினாள். கையாலையின் அடிக்கு வெளியே, வழியோடு சேர்ந்து, மண்ணுக்குள் புதைந்து ஒரு கல்லின் தலை மட்டும் தெரிந்தது. கையாலையைத் தட்டினாலும் அந்தக் கல் அங்கேயே இருக்குமா என்றாள். இருக்கும். அதன்மேல் சக்கரம் ஏறினால் உடையுமா? உடையாது. அப்படியென்றால் வண்டி ஓடுகிற மண் யாருடையது?

"நமக்குள்ளதுதான்."

"அப்படின்னா இது மண்ணு போறது இல்ல. வழி விடுகது," என்றாள் அவள். "இவ்வளவு காலமும் ஜன்மி விட்ட வழியில நடந்தோம். எனக்க மண்ணுல நான் விட்ட வழியிலயும் நாலு ஆளு நடக்கட்டு. அந்த மம்பெட்டிய எடுங்க."

அவன் எடுத்துக்கொண்டு கையாலைப் பக்கம் போனான். அவள் தடுத்தாள். வைத்தவள் நான், வெட்ட வேண்டியதும் நான் என்றாள். அவன் அவளைத் தாங்கிப் பிடித்துக் கையாலை அருகே கொண்டுவந்து, ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தான். முதலில் அன்னாசிகளை ஒவ்வொன்றாய் வேரோடு எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உட்கார்ந்தபடியே மண்வெட்டியை ஓங்கி உச்சியில் ஒரு கொத்து. மழையும் வெயிலும் தின்ற மண் கல்லைப்போல் இருந்தது. ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு முழம் வெட்டியதும் கை ஓய்ந்தது. மீதியை வெட்டச் சொல்லி அவனிடம் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

எதிர்ப்பக்கத்தில் கார்த்தியாயினி அக்கா வந்து நின்றாள். எவ்வளவு வெட்டுகிறீர்கள் என்று கேட்டாள். கயிற்றைப் பிடித்து ஒன்றேமுக்கால் அடி என்றான் செல்லசாமி. அவள் போய்த் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து, இரண்டு அடி வெட்டத் தொடங்கினாள். சுகிர்தபாய் அதைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சாண் உள்ள எடுங்க," என்றாள் கணவனிடம்.

"போதும், சுகிர்தம். வண்டி போவும்."

"வண்டிக்கு இல்ல. அவ ரெண்டடி விடுதா. நம்ம கொறச்சு விட்டுதுன்னு நாளைக்கு யாராவது பறையணுமா?"

அக்காவின் காதில் இது விழுந்தது. அவள் இன்னும் நான்கு விரல் உள்ளே குறி போட்டாள். இப்படியே போனதில் பொழுது சாயும்போது அந்த வளைவு விளையிலேயே அகலமான இடமாகிவிட்டது. லாரி திருப்பலாம் என்று ராஜதாஸ் சொன்னான். ஐந்து வருடம் விரல் விரலாய்ப் பிடித்த மண்ணை இரண்டு பெண்களும் ஒரே மத்தியானத்தில் முழம் முழமாய் விட்டுவிட்டு, வியர்வையோடு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்லசாமிதான் இடையில் புகுந்து, இனி வெட்டினால் வீடுதான் இருக்கிறது என்று சொல்லி மண்வெட்டிகளை வாங்கி வைத்தான்.

வெளிச்சம் போகும் முன் வண்டி முற்றத்துக்கு வந்தது. எஞ்சினை நிறுத்தியதும் விளை முழுவதும் அமைதியானது. அவன் இறங்காமல் கொஞ்சநேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். முதுகு வலித்தது. பத்து நாள் வலி அப்போதுதான் தன்னைச் சொல்லிக்கொண்டது. சுகிர்தபாய் கம்பை ஊன்றி வந்து, வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தாள். ஹூப்ளி வெல்டர் ஒட்டிய இடத்தைத் தட்டிப் பார்த்தாள். இது நல்ல வேலை என்றாள். வேலை தெரிந்தவள் சொன்னதால் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தபோது அவள் வெள்ளைச் சேலை உடுத்து முற்றத்தில் தயாராக நின்றாள். பெட்டியின் விளிம்பில் கை வைத்து, நல்ல காலை முதலில் உள்ளே வைத்து, மெல்ல உட்கார்ந்து, கோணல் காலைக் கையால் எடுத்துப் பலகையில் வைத்தாள். யாரும் தூக்கவில்லை. கம்புகளைப் பக்கத்தில் சாய்த்து, தலையணையை இடுப்புக்குச் செருகிக்கொண்டாள். வளைவைத் தாண்டும்போது எல்லைக்கல்மேல் சக்கரம் ஏறி இறங்கியது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது.

சபையில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். போதகர் தனியாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். பாட்டில் அவள் குரல்தான் எல்லாருக்கும் மேலே நின்றது. எல்லாம் முடிந்து மெயின் ரோட்டுக்கு வந்ததும், வீட்டுக்கு வண்டியைத் திருப்பப் போனான் செல்லசாமி. இனிமேல் பாறசாலைக்கு அப்பால் வண்டி ஓட்டுவதில்லை என்று அவன் முதுகு முடிவு செய்திருந்தது.

"நீங்க எந்த வழியா வந்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

கிழக்கே கை காட்டினான்.

"கொஞ்சம் அங்கோட்டு போவட்டு."

எவ்வளவு தூரம் என்று கேட்டான். போகப் போகச் சொல்கிறேன் என்றாள். களியக்காவிளை வந்தது, சொல்லவில்லை. ஆள் நிறைந்த பஸ் ஒன்றை முந்தினார்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த முகங்களை அவள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தாள். காற்றில் சேலைத் தலைப்பு பறந்தது. அதைப் பிடித்து மடியில் செருகிக்கொண்டாள். குழித்துறைப் பாலம் வந்தபோது நிறுத்தச் சொன்னாள். ஓரமாய் நிறுத்தினான். கீழே ஆறு, மணலில் துணி உலர்த்துகிறவர்கள், தண்ணீரில் நின்ற எருமைகள். பெட்டியில் இருந்தபடியே கைப்பிடிச் சுவரின் இடைவெளி வழியாக அவள் அதையெல்லாம் பார்த்தாள். அவன் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"மதி, போதும்," என்றாள் கடைசியில். "திரும்புங்க. ஆட்டுக்குத் தண்ணி வைக்காம வந்திருக்கேன்."